ஜப்பானுக்குப் போய் பனீர் பட்டர் மசாலாவா?

வெளிநாட்டுச் சுற்றுலா விளம்பரங்களில் ஃபூஜி மலைப் படத்துக்குக் கீழே ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘தினமும் இரவு இந்திய உணவு உறுதி’. சில நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், சமையல்காரரையே உடன் அழைத்து வருவதாகச் சொல்லி ஆள் பிடிக்கின்றன. ஜப்பான் என்றதும் நம் குடும்பங்களுக்கு முதலில் கண்முன் வருவது பச்சை மீன் என்பது விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். விசா, டிக்கெட், ஹோட்டல் எல்லாம் முடிந்த பிறகும் வீட்டுப் பேச்சு “பிள்ளைங்க அங்க என்ன சாப்பிடும்?” என்பதில்தான் வந்து நிற்கிறது. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், கூடவே ஒரு குட்டி ரைஸ் குக்கர் என்று பெட்டி கனக்கத் தொடங்குகிறது.

பெட்டியில் ஊறுகாய் இருந்துவிட்டுப் போகட்டும். லட்சங்களைச் செலவழித்து ஒசாகா வரை போனவர்கள், மாலையானதும் பேருந்தில் ஏறி, ஊரின் மறுகோடியில் இருக்கும் வட இந்திய உணவகத்தில் பனீர் பட்டர் மசாலாவும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான் பொறுக்கவில்லை. வழியெல்லாம் கடைகள் வாசலில் விளக்கேற்றி அழைக்க, நம் பேருந்து நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. சிறுபிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளியில் சாப்பிடுவதற்கு ஜப்பான் அளவுக்குத் தோதான நாடுகள் அதிகம் இல்லை. இது பலருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், ஜப்பானிய உணவு என்று உலகம் கொண்டாடும் கடைகள் வேறு, ஜப்பானியக் குடும்பங்கள் சாப்பிடும் கடைகள் வேறு.

உலகம் கொண்டாடுவதற்கு உதாரணம் டோக்கியோவின் கின்சா பகுதியில் சுஷிச் சமையல்காரர் ஜிரோ ஓனோவின் ‘சுகியாபாஷி ஜிரோ’. 2011-ல் வந்த ஆவணப்படம் அதை உலகறியச் செய்தது. மர மேடைக்கு முன் சில நாற்காலிகள். சமையல்காரர் ஒவ்வொன்றாக வைக்கும் 20 சுஷித் துண்டுகள். அரை மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும். பொதுமக்கள் நேரடியாக முன்பதிவு செய்ய வழியில்லாததால், 2019 இறுதியில் மிஷெலின் வழிகாட்டியே தன் டோக்கியோ பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வேலையும் இல்லை. இதுபோன்ற பல கடைகள் சிறுவர்களை அனுமதிப்பதும் இல்லை. ஆனால் 2013 டிசம்பரில் யுனெஸ்கோ ஜப்பானிய உணவு மரபைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது குறிப்பிட்டுச் சொன்னது புத்தாண்டு உணவு வழக்கத்தை. வீட்டில் சமைத்து, குடும்பமாக உட்கார்ந்து உண்டு, பிள்ளைகளுக்குக் கைமாற்றிக் கொடுக்கும் மரபு அது. யுனெஸ்கோ அங்கீகாரத்தைச் சமையல் மேதைகளுக்குக் கொடுத்த பட்டம் என்று பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளைக் கடைக்குள் அழைத்துவரும் வேலையை ஜப்பான் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகச் செய்துவருகிறது. 1930 டிசம்பரில், உலகப் பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரத்தில், டோக்கியோவின் நிஹோன்பாஷியில் உள்ள மிட்சுகோஷி பல்பொருள் அங்காடியின் உணவகம் சிறுவர்களுக்கென்று ஒரு தட்டை அறிமுகப்படுத்தியது. உணவகப் பொறுப்பாளர் தாரோ ஆண்டோவின் யோசனை அது. மலைபோலக் குவித்த சோறு, உச்சியில் ஒரு குட்டிக் கொடி, சுற்றிலும் பிள்ளைகளுக்குப் பிடித்த பண்டங்கள் கொஞ்சம் கொஞ்சம். விலை 30 சென். ‘ஒகோசாமா லஞ்ச்’ என்ற பெயரில் அது நாடு முழுக்கப் பரவியது. இன்று கார் வடிவத் தட்டிலும் ரயில் வடிவத் தட்டிலும், சின்னப் பொம்மையோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஹேம்பர்க் எனப்படும் இறைச்சி வடை, பொரித்த இறால், தக்காளி சாஸில் புரட்டிய சோறு என்று அதில் இருப்பது பெரும்பாலும் மேற்கத்திய வகைதான். அசல் ஜப்பானிய ருசி தேடுகிறவர்கள் முகம் சுளிக்கலாம். பசியில் அழும் பிள்ளைக்கு முன்னால் அசல் நகல் விவாதமெல்லாம் எடுபடாது.

இந்தத் தட்டு நிச்சயமாகக் கிடைக்கும் இடம் ‘ஃபமிரெசு’ என்று சுருக்கிச் சொல்லப்படும் குடும்ப உணவகங்கள். 1970-ல் டோக்கியோவின் மேற்குப் புறநகரில் ஸ்கைலார்க் முதல் கிளையைத் திறந்தது. பிறகு ராயல் ஹோஸ்ட், டென்னிஸ், சைசெரியா என்று சாலையோரமெங்கும் முளைத்தன. குழந்தை நாற்காலி, மேசையில் அழைப்பு மணி, வேண்டிய மட்டும் ஊற்றிக் குடிக்கும் பானப் பகுதி, படம் போட்ட மெனு எல்லாம் இருக்கும். ஸ்கைலார்க் குழுமத்தின் கஸ்டோ கிளைகளில் பூனைமுகம் கொண்ட ரோபோ சாப்பாட்டைச் சுமந்து வருகிறது. அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. சைசெரியாவில் சோற்றின் மேல் வெள்ளைச் சாஸும் இறைச்சிக் கலவையும் ஊற்றிச் சுட்ட ‘மிலானோ டோரியா’வின் விலை 300 யென், நம் கணக்கில் 200 ரூபாய்கூட ஆகாது. டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் ஜப்பானில் இல்லை. தண்ணீர் இலவசம். கை துடைக்க ஈரத் துண்டும் கேட்காமலே வரும்.

சுஷியையும் குடும்பச் சாப்பாடாக்கிய ஆள் ஒருவர் உண்டு. ஒசாகாவை ஒட்டிய ஃபுசே பகுதியில் சிறு சுஷிக் கடை வைத்திருந்த யோஷியாகி ஷிராயிஷிக்கு வேலையாட்களை அமர்த்திக் கட்டுபடியாகவில்லை. அசாஹி பியர் ஆலையில் புட்டிகள் கன்வேயர் பெல்ட்டில் நகர்வதைப் பார்த்தவர், சுஷித் தட்டையும் அப்படியே நகர விட்டால் என்ன என்று யோசித்தார். 1958-ல் ‘கென்ரோகு சுஷி’ பிறந்தது. வேகம் கூடினால் மீன் காய்ந்துவிடும், தட்டும் ஆடும். குறைந்தால் வாடிக்கையாளர் பொறுமை இழப்பார். கடைசியில் விநாடிக்கு 8 சென்டிமீட்டர் என்று நிலைநிறுத்தினார். 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் காட்சிக்கு வைத்தபிறகு நாடெங்கும் பிடித்துக்கொண்டது. அதுவரை வசதியானவர்களின் பண்டமாக இருந்த மேடைச் சுஷி, தொழிலாளி தன் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சாப்பிடும் பண்டமாயிற்று.

இன்று சுஷிரோ, குரா, ஹமா போன்ற சங்கிலி உணவகங்களில் விலை குறைந்த தட்டு 100 யென்னைச் சற்றே தாண்டித் தொடங்குகிறது. மேசையில் தொடுதிரை, ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பச்சை மீன் பயம் உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். வேகவைத்த இறால், தீயில் வாட்டிய சால்மன், இனிப்பு ஆம்லெட் வைத்த சுஷி, சோளமும் மயோனைஸும், வெள்ளரிக்காய்ச் சுருள், உடோன் நூடுல்ஸ், உருளைக்கிழங்கு வறுவல், ஐஸ்கிரீம் என்று பச்சை மீனைத் தொடாமலே ஒரு குடும்பம் வயிறு நிறையலாம். காரம் மூக்கில் ஏறும் வசாபியை இப்போது பல சங்கிலிகளில் சுஷிக்குள் வைப்பதில்லை; வேண்டுபவர்கள் தனியாக எடுத்துக்கொள்ளலாம். குரா சுஷியில் காலித் தட்டுகளை மேசையோரத் துவாரத்தில் போட வேண்டும். ஐந்து தட்டுக்கு ஒருமுறை திரையில் ஒரு விளையாட்டு ஓடும், ஜெயித்தால் உருண்டைக்குள் ஒரு பொம்மை விழும். நான்கு தட்டோடு நிற்கும் பிள்ளை ஐந்தாவதுக்குத் தானே புதிய மீனைத் தேர்ந்தெடுக்கும். வியாபாரத் தந்திரம்தான், சந்தேகமில்லை. ஆனால் “ஒரு வாய் வாங்கிக்கோ கண்ணு” என்று கெஞ்சும் அம்மாக்களின் வேலையை அது பாதியாகக் குறைக்கிறது.

பெல்ட்டில் தட்டுகள் வரிசையாகச் சுற்றிவரும் காட்சி முன்போல எல்லா இடத்திலும் இல்லை. 2023 ஜனவரியில் பெரிய சங்கிலி ஒன்றின் கிளையில், ஒருவர் பொது சோயா சாஸ் புட்டியை நக்கும் காணொளி பரவி, ஜப்பானே கொதித்தது. அதன் பிறகு பல கடைகள், ஆர்டர் செய்த தட்டு மட்டும் நேராக மேசைக்கு ஓடிவரும் முறைக்கு மாறிவிட்டன. பிள்ளைகளுக்கு அதுவும் பிடிக்கிறது. தங்கள் தட்டு எப்போது வரும் என்று பாதையிலேயே கண் வைத்திருக்கிறார்கள்.

மொழிச் சிக்கலையும் ஜப்பான் தன் வழியில் எப்போதோ தீர்த்துவைத்திருக்கிறது. கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் மெழுகிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த சாப்பாடு அச்சு அசலாக நிற்கும். முன்பு மெழுகு, இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக். கிஃபு மாநிலத்தின் குஜோ ஹசிமானைச் சேர்ந்த தகிசோ இவாசாகி 1932-ல் ஒசாகாவில் இதைத் தொழிலாக்கினார். அவருடைய முதல் படைப்பு ஓர் ஆம்லெட். மெனுவைப் படிக்கத் தெரியாத அப்பாவும் எழுதப் படிக்கத் தொடங்காத மகளும் கண்ணாடி முன் ஒரே நிலையில் நிற்கிறார்கள். விரல் நீட்டினால் போதும்.

சைவக் குடும்பங்களின் கதை வேறு. அவர்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ‘ஜப்பானில் சைவம் சுலபம்’ என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் ‘தாஷி’ என்னும் சாறு. ‘கொம்பு’ என்ற கடற்பாசியும் ‘கட்சுவோபுஷி’யும் சேர்த்து எடுப்பது. கட்சுவோபுஷி, சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் இறுகக் காயவைத்துச் சீவியெடுக்கும் துருவல். இலங்கைத் தமிழர் வீடுகளிலும் தென்கடலோர வீடுகளிலும் சம்பலுக்கும் குழம்புக்கும் போடும் ‘மாசி’யும் அதே சூரை மீன்தான், செய்முறையும் நெருங்கியதுதான். மிசோ சூப்பில் அது உண்டு. உடோன் சாற்றில் உண்டு. டெம்புரா என்ற பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும், வெறும் கீரை என்று நம்பி வாங்கும் கிண்ணத்திலும், டோஃபுப் பைக்குள் சோறு அடைத்த இனாரி சுஷியிலும்கூடப் பெரும்பாலும் உண்டு. “இறைச்சி வேண்டாம்” என்று சொன்னால், இறைச்சியை எடுத்துவிட்டு மீன் சாற்றில் வெந்த காய்கறியைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஏமாற்றும் எண்ணம் கிடையாது; தாஷியைத் தனியே ஒரு மீன் பண்டமாக அங்கே பலர் நினைப்பதில்லை.

இதே ஜப்பான் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இறைச்சியை ஒதுக்கிவைத்திருந்த நாடு. 675-ல் பேரரசர் தென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணத் தடை போட்டார். பௌத்தத்தின் செல்வாக்கில் அந்த விலக்கு வெவ்வேறு வடிவங்களில் நீடித்தது. 1872-ல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டதாக அறிவித்த பிறகுதான் மேல்தட்டுச் சாப்பாட்டு மேசைகள் மாறின. மீன் மட்டும் பெரும்பாலும் விலக்கப்படவில்லை. மீனும் கூடாது என்றிருந்தவர்கள் பௌத்தத் துறவிகள். அவர்களுடைய சமையல், ‘ஷோஜின்’ என்ற பெயரில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

சைவக் குடும்பம் ஒன்று ஜப்பானில் ஓரிடத்துக்கு மட்டும்தான் போக முடியும் என்றால், அது வகயாமா மலைமேல் இருக்கும் கோயாசானாக இருக்கட்டும். துறவி கூகாய் 816-ல் தொடங்கிய மடாலய ஊர் அது. சுமார் 50 கோயில்களில் பயணிகள் இரவு தங்கலாம். கொம்பிலும் உலர்ந்த ஷீடாகே காளானிலும் சாறு எடுத்து, இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் தருகிறார்கள். எள்ளை அரைத்துக் கூழாக்கி உறையவைத்த எள் டோஃபு, குளிரில் உறைந்து உலர்ந்த கோயா டோஃபு, மலைக்காய்கறி, ஊறுகாய் எல்லாம் தனித்தனிச் சிறு கிண்ணங்களில் வரும். வெங்காயமும் பூண்டும் இந்த மரபில் விலக்கு. வெங்காயம் பூண்டு சேர்க்காத வீட்டுப் பாட்டியையும் தயங்காமல் கூட்டிப்போகலாம். மலை ஏற முடியாதவர்களுக்குக் கியோட்டோ அரஷியாமாவில் தென்ரியூஜி கோயிலின் ‘ஷிகெட்சு’ உணவகம் இருக்கிறது. நான்சென்ஜி கோயிலைச் சுற்றி வெந்நீரில் வெந்த டோஃபுவுக்குப் பேர்போன கடைகள் இருக்கின்றன. அங்கே தொடுசாற்றைப் பற்றி மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். டோக்கியோ ரயில் நிலையத்துக்குள் ‘டீஸ் தான்தான்’ முழுக்கத் தாவரப் பொருட்களால் செய்த ராமென் நூடுல்ஸ் தருகிறது. எலும்புச் சாறு இல்லாத ராமெனா என்று நொட்டை சொல்லும் அசைவக்காரர்களும் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் எழுகிறார்கள்.

இடையில் ஒரு வேடிக்கை. கொம்புச் சாற்றின் ருசிக்கு என்ன காரணம் என்று தேடிப்போன வேதியியலாளர் கிகுனாயே இகேதா, 1908-ல் அதிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயர் வைத்தார். மறு ஆண்டே அது பொடியாகக் கடைக்கு வந்தது; அதன் பெயர்தான் அஜினோமோட்டோ. நம் ஊர் ஃப்ரைடு ரைஸ் வண்டிக்காரரிடம் “அஜினோமோட்டோ போடாதீங்க” என்று கண்டிப்பாகச் சொல்லும் அம்மாக்கள், கியோட்டோவில் கொம்புச் சாற்றை உறிஞ்சிவிட்டு ‘எவ்வளவு இயற்கையான ருசி’ என்கிறார்கள்.

ஒரேயடியாகக் கூச்சம் விலகாத பிள்ளைகளுக்குப் பாலமாக இருப்பது ஜப்பானியக் கறி. இது மெய்ஜி காலத்தில் பிரிட்டன் வழியாக ஜப்பானுக்குள் நுழைந்து, கடற்படைச் சமையலறைகளில் ஊன்றியது. நேரடி இந்தியக் கையும் பின்னர் அதில் பட்டது. பிரிட்டிஷ் அரசுக்குத் தப்பி வந்த இந்திய விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸுக்கு ஷின்ஜுகுவின் ‘நகமுராயா’ ரொட்டிக்கடைக் குடும்பம் அடைக்கலம் கொடுத்தது. அவர் அந்த வீட்டு மாப்பிள்ளையும் ஆனார். 1927-ல் அங்கே தொடங்கிய இந்தியக் கறி இன்றும் விற்பனையில் இருக்கிறது. கேரளத்திலிருந்து போன விடுதலைப் போராளி ஏ.எம். நாயர் 1949-ல் கின்சாவில் தொடங்கிய உணவகமும் நடந்துவருகிறது. ஆனால் ஜப்பானியப் பிள்ளைகளின் கறி, 1963-ல் ஹவுஸ் நிறுவனம் ஆப்பிளும் தேனும் சேர்த்து இறக்கிய ‘வெர்மான்ட் கறி’யின் வழி வந்தது. கெட்டியாக, இனிப்பாக, காரமே தெரியாமல் இருக்கும். தமிழ் நாக்குக்கு முதல் கரண்டி ஏமாற்றமாகப்படும்; இரண்டாவது தட்டைக் கேட்பது பெரும்பாலும் பிள்ளைகள்தான். 1978-ல் தொடங்கிய கோகோ இசிபான்யா கடைகளில் காரத்தின் அளவை எண் சொல்லிக் கேட்கலாம். மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ தவிர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது குழம்பைத்தான். மேலே வைப்பது வெறும் காய்கறியானாலும், வழக்கமான ஜப்பானியக் கறிக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருப்பது சகஜம். கோகோவின் பல கிளைகளில் இறைச்சிப் பொருள் சேராத குழம்பு தனியாக உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

ரயில் பயணத்தைச் சாப்பாட்டு நேரத்தோடு பொருத்திக்கொள்வது குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டிய நல்ல யோசனை. நிலையங்களில் விற்கும் ‘எகிபென்’ பொட்டலச் சோற்றின் கதை, 1885-ல் உத்சுனோமியா நிலையத்தில் உமேபோஷி என்ற உப்பில் ஊறிய புளிப்புப் பழம் வைத்த சோற்று உருண்டையிலிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். இன்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பொட்டலம் உண்டு. யோகோகாவா நிலையத்தின் ‘தோகே நோ கமாமேஷி’ 1958 முதல் மண்சட்டியிலேயே வருகிறது. சோறு தீர்ந்ததும் சட்டியைக் கழுவி ஊருக்குக் கொண்டுவரலாம். ஷின்கான்சென் அதிவேக ரயில் வடிவ டப்பாவில் வரும் சிறுவர் பொட்டலத்துக்குத் தனி ரசிகர் கூட்டம். ஏறும் முன்பே வாங்கிவிட வேண்டும்; டோக்கியோ–ஒசாகா தடத்தின் நொசோமி, ஹிகாரி ரயில்களில் தள்ளுவண்டி விற்பனை 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது. ஷின்கான்சென்னில் இருக்கையில் பிரித்துச் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நகரத்துக்குள் ஓடும் ரயிலில் பிரித்தால்தான் பார்வைகள் திரும்பும்.

நடந்து நடந்து கால் ஓய்ந்த நாளில் எந்த உணவகமும் வேண்டியிருக்காது. அப்போது தெருமுனை கன்வீனியன்ஸ் கடையே கதி. 1974-ல் டோக்கியோவின் டொயோசுவில் ஜப்பானின் முதல் செவன்-இலெவன் திறந்தது. இன்று எல்லா நிறுவனங்களுடையதையும் சேர்த்தால் 50,000-க்கு மேல் இருக்கின்றன. சோற்று உருண்டையான ‘ஒனிகிரி’யின் உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும், அந்த வரிசையில் இழுத்தால் கடற்பாசித் தாள் மொறுமொறுப்புக் குறையாமல் சோற்றைச் சுற்றிக்கொள்ளும். பிள்ளைகள் இதை ஒரே நாளில் கற்றுவிடுவார்கள், பெரியவர்கள்தான் கிழிப்பார்கள். மைக்ரோவேவில் சுடவைக்கும் வெள்ளைச் சோற்றுப் பொட்டலமும் சர்க்கரை சேராத தயிரும் பல கடைகளில் உண்டு. பெட்டியிலிருக்கும் ஊறுகாய்க்கு அன்றைக்கு வேலை வந்துவிடும். சூடாகச் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே வைத்து விற்கிறார்கள். சைவப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல மாலைத் தீனி இல்லை. வாங்கிப்போனால் 8 சதவீத வரி, கடையிலேயே உட்கார்ந்து தின்றால் 10 சதவீதம். 2019 அக்டோபரில் வந்த இந்த விசித்திரக் கணக்கை ஜப்பானியர்களே இன்னும் கேலி செய்கிறார்கள்.

சாப்பிடுவதைவிடச் செய்வதில் ஆர்வம் உள்ள பிள்ளைகளும் உண்டு. ஒசாகாவில் மேசையிலேயே சூடான இரும்புத் தகடு பதித்த ஒகோனோமியாகி கடைகளில், முட்டைக்கோஸ் கலந்த மாவைத் தாங்களே ஊற்றித் திருப்பிப் போடலாம். 1935-ல் அதே ஊரின் ‘ஐசுயா’ கடையில் பிறந்த தகோயாகி, ஆக்டோபஸ் துண்டை உள்ளே வைத்துச் சுட்ட குழிப்பணியாரம்தான். சட்டியைப் பார்த்தால் செட்டிநாட்டு ஆச்சிகளே தங்களுடையது என்று உரிமை கோருவார்கள். ஷிகோகு தீவின் ககாவாவில், கொதோஹிரா ஊரின் நகானோ உடோன் பள்ளியில் மாவைப் பையில் போட்டுப் பாட்டுக்கு ஏற்ப மிதித்துப் பிசையச் சொல்கிறார்கள். மிதித்த மாவைத் தேய்த்து வெட்டி வேகவைத்து அங்கேயே சாப்பிடலாம். இன்ஸ்டன்ட் நூடுல்ஸை 1958-ல் இகேதா நகரில் வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகையில் உருவாக்கிய மொமோஃபுகு ஆண்டோவுக்கு, அதே ஊரிலும் யோகோஹாமாவிலும் அருங்காட்சியகம் உண்டு. கோப்பையில் படம் வரைந்து, சூப்பும் மேலே தூவுவதும் தேர்ந்தெடுத்தால், மூடி ஒட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். குளிர்காலத்திலிருந்து மே மாதம் வரை போகிறவர்களுக்கு ஸ்ட்ராபெர்ரித் தோட்டங்கள் உண்டு. கட்டணம் கட்டி, கொடுத்த நேரத்துக்குள் பறித்துப் பறித்துத் தின்னலாம். டோரேமான் கார்ட்டூனில் மயங்கிய பிள்ளைகளுக்கு, டோக்கியோ உவேனோவில் 1913 முதல் இருக்கும் ‘உசாகியா’வின் டொராயாகி இனிப்பு அப்பம் சொல்லாமலே புரியும்.

ஜப்பான் எங்கும் பிள்ளைகளுக்கு நடைபாவாடை விரித்திருக்கிறது என்று சொல்ல முடியாது. மேடை மட்டுமே உள்ள ராமென் கடைகளில் நான்கு பேர் குடும்பம் சேர்ந்து உட்கார இடம் கிடைக்காது. ஆளுக்கொரு கிண்ணம் வாங்க வேண்டும் என்ற விதியும் பல கடைகளில் உண்டு. இசகாயா எனப்படும் மதுக்கடை உணவகங்களின் சிறு சிறு தட்டுகள் பிள்ளைகளுக்குத் தோதானவை. 2020 ஏப்ரலில் வந்த சட்டம் உணவகங்களுக்குள் புகைபிடிப்பதைத் தடுத்தாலும், பழைய சிறு கடைகளுக்கு விலக்கு இருப்பதால் வாசலிலேயே பார்த்துவிட்டு நுழைவது நல்லது. நடந்துகொண்டே தின்பதை அங்கே விரும்புவதில்லை. கியோட்டோ நிஷிகி சந்தை அதைத் தவிர்க்கச் சொல்கிறது. கமாகுரா நகரம் 2019-ல் விதியே கொண்டுவந்தது. குப்பைத் தொட்டியும் எளிதில் அகப்படாது, பையில் ஒரு கவர் வைத்திருக்க வேண்டும். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைப்பது இறந்தவருக்குச் செய்யும் சடங்கு; பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

உடல் நலத்தில் இரண்டு மூன்றை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. மோச்சி அரிசிக் கட்டி தொண்டையில் அடைத்துக்கொள்ளும். டோக்கியோ தீயணைப்புத் துறை ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. சிறு பிள்ளைகளுக்குத் துணுக்குத் துணுக்காக வெட்டித் தர வேண்டும், மிகச் சிறிசுகளுக்குத் தரவே வேண்டாம். சோபா நூடுல்ஸின் மூலமான பக்வீட் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். இந்தியாவில் அதைச் சாப்பிட்டிராத பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதனால் முதல் முறை கொஞ்சமாகத் தொடங்கலாம். பொட்டல உணவில் முட்டை, பால், கோதுமை, சோபா, நிலக்கடலை, இறால், நண்டு ஆகியவற்றை உறையில் குறிப்பிடுவது சட்டப்படி கட்டாயம். 2023-ல் வால்நட்டும் சேர்ந்தது. கைபேசி கேமராவால் உறையை மொழிபெயர்த்துப் பார்க்கச் சில விநாடிதான் ஆகும்.

சுற்றுலா நிறுவனங்கள் இதையெல்லாம் அறியாதவை அல்ல. 40 பேரை ஒரே நேரத்தில், ஒரே விலையில் உட்கார வைக்க ஓர் இந்திய உணவகத்தோடு பேசி முடிப்பது அவர்களுக்குச் சுலபம். அவர்களுடைய வசதி, பயணிகளின் பயமாக விற்கப்படுகிறது. காசு கொடுப்பவர்கள் மதிய வேளையை மட்டும் தங்கள் பொறுப்பில் விடச் சொல்லிக் கேட்டாலே நிலைமை மாறும். சைவக் குடும்பங்களும் கேட்கலாம். அவர்களுக்கு வேண்டியது பனீர் அல்ல, தாஷி சேராத கடைகளின் பட்டியல்.

ரியோகான் எனப்படும் மரபு விடுதியில் ஒரு இரவாவது தங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அறை வாடகையோடு இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அங்கே பெரும்பாலும் சேர்ந்தே வரும். சமையல்காரர் முன்கூட்டியே பொருள் வாங்கிவிடுவார். பிள்ளையின் வயது, என்ன சாப்பிடாது, எது ஒவ்வாது, மீன் சாறு ஆகுமா ஆகாதா என்பதையெல்லாம் முன்பதிவின்போதே எழுதி அனுப்பிவிடுங்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால், சங்கடத்தோடு பலமுறை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, வெள்ளைச் சோறும் ஊறுகாயும்தான் கொண்டுவந்து வைப்பார்கள்.